சின்ன பிராக்ஸி தளம்: எப்போது விற்பது, யாருக்கு விற்பது?

14 செப்டம்பர் 2009, மாலை (கேள்வி)

அண்ணா, ஒரு வருடமாகச் சின்னதாக ஒரு பிராக்ஸி தளம் ஓட்டுகிறேன், தடுக்கப்பட்ட பக்கங்களை நம் சர்வர் வழியாக எடுத்துக் காட்டும் தளம். கிளைப் என்ற ஆயத்த ஸ்கிரிப்ட்தான். போன மாதம் 60 டாலர் வந்தது. இந்த மாதம் பாதி முடிவதற்குள் 70 தாண்டிவிட்டது. கடைசி வருடப் பிராஜெக்ட் ஆரம்பிக்கப் போகிறது, இனி நேரம் இருக்காது. இப்போதே விற்றுவிடலாமா, இன்னும் ஏற விட்டு விற்கலாமா? எத்தனை மாத வருமானம் கேட்பது நியாயம்?

14 செப்டம்பர் 2009, இரவு

காத்திருக்க வேண்டாம் தம்பி. இந்த ஏற்றத்துக்குக் காரணம் அமெரிக்காவில் பள்ளிகள் திறந்ததுதான். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம் என்று ஒவ்வொரு மாநிலமாகத் திறக்கிறார்கள். கம்ப்யூட்டர் லேபில் மைஸ்பேஸும் யூடியூபும் திறக்காது என்றதும் பிள்ளைகள் பிராக்ஸி தேடுவார்கள். டிசம்பர் நடுவில் விடுமுறை விட்டால் பாதியாகிவிடும், ஜனவரியில் கொஞ்சம் எழும், ஜூன் ஜூலையில் படுத்துவிடும். என் தளத்தில் மூன்று வருடமாக இதைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. வெப்சென்ஸ் மாதிரியான வடிகட்டி மென்பொருள்களில் பிராக்ஸிகளுக்கென்றே ஒரு வகை வைத்திருக்கிறார்கள். உங்கள் டொமைன் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் அந்த மென்பொருளை வாங்கிய பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே வாரத்தில் கதவு சாத்திவிடும். அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மலிவு விலை டாட் இன்ஃபோ டொமைன்களாக வாங்கிக் குவித்து, புது முகவரியை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வயது முடிந்த பிராக்ஸி என்றால் அது வயதான தளம்தான்.

விலை: மாத லாபத்தைப் போலப் பத்து மடங்கு கேளுங்கள். நானும் இதே யோசனையில் இருக்கிறேன். என் தளம் இந்த மாதம் 160 டாலர் வரை வரும், சர்வருக்கு 45. மீதி 115, பத்து மடங்கு 1,150. அக்டோபரில் ஏலத்துக்கு வைக்கலாம் என்றிருக்கிறேன்.

லாக், அதாவது யார் எப்போது எந்தப் பக்கத்துக்குப் போனார்கள் என்ற பதிவு, எதுவும் நான் வைப்பதில்லை, அதனால் ஒப்படைப்பதும் சுலபம்.

15 செப்டம்பர் 2009

நேற்று இரவு சொன்ன விலைக் கணக்கு தப்பு. காலையில் நோட்டை எடுத்து 12 மாதத்தையும் கூட்டிப் பார்த்தேன். போன செப்டம்பரிலிருந்து இந்த ஆகஸ்ட் வரை மொத்தம் 1,212 டாலர் வந்திருக்கிறது. சர்வருக்கு 540. டொமைனுக்கும் மின்னஞ்சல் அனுப்பும் சேவைக்கும் 24. மிச்சம் 648, அதாவது மாதத்துக்கு 54. பத்து மடங்கு 540 டாலர்.

1,150க்கும் 540க்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். செப்டம்பரை மட்டும் படம் பிடித்துக் காட்டி விற்றால் வாங்குகிறவர் டிசம்பரில் ஏமாந்து நிற்பார். அப்படி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், 2007இல் ஒரு குட்டித் தளத்தை ஜனவரிக் கணக்கை நம்பி வாங்கி ஜூனில் நானே அப்படி நின்றிருக்கிறேன். அக்டோபரில் விற்பது சரி, கேட்கிற கூட்டமும் அப்போதுதான் அதிகம். ஆனால் 12 மாதக் கணக்கையும் முன்னால் வைத்துத்தான் விற்க வேண்டும். உங்களிடம் ஒரு வருடக் கணக்கு இருக்கிறது, முழுதாகக் காட்டுங்கள்.

15 செப்டம்பர் 2009, பிறகு

சர்வரின் வருகைக் கணக்கு மென்பொருளான ஏடபிள்யூஸ்டாட்ஸ் காட்டும் எண்ணை விற்பனை விளம்பரத்தில் போடாதீர்கள். பிராக்ஸி வழியாக ஒருவர் ஒரு பக்கம் திறந்தால் அதிலுள்ள ஒவ்வொரு படமும் ஒவ்வொரு ஸ்டைல் கோப்பும் நம் சர்வரில் ஒரு ஹிட்டாகப் பதிவாகும். என்னிடம் நாளுக்கு நாலு லட்சம் ஹிட் காட்டுகிறது, முகப்புக்கு வந்த ஆட்கள் மூவாயிரத்துச் சொச்சம். கூகுள் அனலிடிக்ஸை முகப்பில் மட்டும் வைத்து அந்த எண்ணைக் கொடுங்கள். தளங்களை வருகைப்படி வரிசைப்படுத்தும் அலெக்சா தரவரிசையையும் விட்டுவிடுங்கள்.

20 செப்டம்பர் 2009

தம்பி இன்னொன்று கேட்டிருந்தார்: “இதை ஏன் ஆரம்பித்தீர்கள், காசுக்கா?”

ஆரம்பத்தில் காசு நினைப்பே இல்லை. 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்பு நடந்த சில நாளில் வலைப்பதிவுத் தளமான பிளாக்ஸ்பாட் திறக்கவில்லை. சில குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுக்கச் சொல்லி மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட், டைப்பேட், ஜியோசிட்டீஸ் என்று மொத்தமாகப் பூட்டிவிட்டன. தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டும் தமிழ்மணத்தில் தலைப்புகள் தெரியும், சொடுக்கினால் ஒன்றும் வராது. பாகிஸ்தானில் அதே வருடம் பிளாக்ஸ்பாட் தடுக்கப்பட்டபோது அங்கிருந்தவர்கள் தொடங்கிய பிகேபிளாக்ஸ் என்ற மாற்றுவழித் தளத்தின் மூலமாகத்தான் நம் ஆட்கள் தங்கள் வலைப்பதிவையே படித்தார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோ தங்கள் கஷ்டத்துக்குக் கட்டிய பாலத்தில் கோயம்புத்தூரில் உட்கார்ந்து நான் நடந்து போனேன்.

தடை சில நாளில் போய்விட்டது. ஆகஸ்டில் ஒரு டொமைன் வாங்கி பிஎச்பிராக்ஸி என்ற பிராக்ஸி ஸ்கிரிப்டைப் போட்டேன். நண்பர்கள் பத்துப் பேர். பிறகு விடுதிப் பையன்கள் யார் மூலமோ கண்டுபிடித்து “பின்வாசல்” என்று பேர் வைத்தார்கள். அமெரிக்கப் பள்ளிகள் எப்படி வந்தன என்று இன்றுவரை புரியவில்லை. 2008இல் கிளைப்புக்கு மாற்றினேன், விளம்பரமும் போட்டேன்.

இப்போது விற்க நினைப்பதற்குக் காரணம் தூக்கம். சர்வர் நிறுவனத்திடமிருந்து புகார் மின்னஞ்சல் நம் நேரத்துக்கு நள்ளிரவில் வரும், 24 மணி நேரத்தில் பதில் சொல்லாவிட்டால் சர்வரை நிறுத்துவார்கள். யாரோ ஒருவர் என் தளம் வழியாகப் போய் எங்கோ கமெண்ட் பெட்டியில் குப்பை கொட்டியிருப்பார். அங்கே பதிவாகும் ஐபி எண், அதாவது கணினியின் இணைய முகவரி, என்னுடையது. இந்த வருடம் எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள், இரண்டு மணிக்கு அவளுக்காக எழுந்திருப்பது போதும்.

3 அக்டோபர் 2009

ஏலத்துக்கு வைக்குமுன் நான் செய்தவை. உங்களுக்கும் உதவும்.

முதலில் விளம்பர வருமானம். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸை முகப்பில் மட்டும் வைத்திருக்கிறேன். பிராக்ஸி வழியாகத் திறக்கும் அடுத்தவர் பக்கத்தின் தலையில் அதை ஒட்டுவது விதிக்கு எதிரானது. கணக்கு என் பேரில் இருக்கிறது, அதை மாற்றிக் கொடுக்க முடியாது. வாங்குகிறவர் தன் கணக்கின் கோடைப் போட வேண்டும். அவருக்குக் கணக்கே இல்லையென்றால் முதல் மாதம் வருமானம் பூஜ்யம். இதை விளம்பரத்திலேயே எழுதிவிட்டேன்.

இரண்டாவது பேண்ட்விட்த், அதாவது சர்வர் வழியாகப் போய்வரும் தரவின் அளவு. ஒரு பக்கம் முதலில் நம் சர்வருக்கு வர வேண்டும், பிறகு அங்கிருந்து கேட்டவருக்குப் போக வேண்டும். 10 எம்பி வீடியோ என்றால் கணக்கில் 20. தளத்தை வாங்கிச் சாதாரணப் பகிர்வு ஹோஸ்டிங்கில் போட்டால் மூன்று நாளில் வெளியே தள்ளிவிடுவார்கள். பெரும்பாலான இடங்களில் பிராக்ஸிக்கு அனுமதியே கிடையாது. எனவே நமக்கென்று ஒதுக்கிய சர்வரான விபிஎஸ்ஸின் செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, தேடுபொறி எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில், அடுத்தவர் பக்கங்களை எடுத்துத் தரும் பிரௌஸ் டாட் பிஎச்பியை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடாவிட்டால் தேடுபொறி உங்கள் வழியாக ஊரான் தளத்தையெல்லாம் படித்து உங்கள் முகவரியில் பட்டியலிடும். சொந்தக்காரர் கோபத்தோடு வருவார், அவர் கோபம் நியாயமானது.

11 அக்டோபர் 2009

இணையதளங்களை ஏலம் விடும் ஃப்ளிப்பாவில் போட்டாயிற்று. சைட்பாயிண்டின் சந்தையைத்தான் இந்த ஜூனில் தனியாகப் பிரித்து இந்தப் பேரில் விட்டிருக்கிறார்கள். தொடக்க விலை 300, அதற்குக் கீழே தரமாட்டேன் என்ற மறைவு விலை 550.

12 மாதக் கணக்கைப் போட்டதால் ஒருவர் தனிச் செய்தியில், “ஜூலையை ஏன் காட்டினீர்கள், அதுதான் விலையைக் குறைக்கிறது” என்று எழுதினார். இன்னொருவர் அந்த ஜூலையைப் பார்த்துத்தான் நம்பிக்கை வந்தது என்றார். இரண்டாமவர்தான் முதலில் விலை கேட்டார், 320.

13 அக்டோபர் 2009

காலையில் 1,050 டாலருக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஏலத்துக்கு வெளியே, நேரடியாக. இரண்டு நிபந்தனை. மின்னஞ்சல் பட்டியல் வேண்டும், 2,300 முகவரி இருக்கிறது. அதோடு “கிடைக்கிற வரை பழைய சர்வர் லாக்” வேண்டுமாம், பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்று ஆராய்ந்து விளம்பரம் போட.

கணக்குப்படி 540 பெறும் பொருளுக்கு 1,050. மனைவியிடம் சொன்னேன். “லாக்தான் உங்களிடம் இல்லையே, பட்டியலைக் கொடுத்தால் போதுமே” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரவு உட்கார்ந்து பார்க்கிறேன்.

13 அக்டோபர் 2009, நள்ளிரவு தாண்டி

லாக் வைப்பதில்லை என்று செப்டம்பரில் எழுதினேனே, அது உண்மை இல்லை.

கிளைப்பின் உள்ளே பதிவை அணைத்திருந்தேன், அது சரி. ஆனால் கிளைப்புக்குக் கீழே அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் இருக்கிறது, அது தனியாகப் பதிவு வைக்கும். அதற்கும் மேல், சர்வரை நிர்வகிக்கும் சிபேனலில் மாதக் கடைசியில் லாக்கைச் சுருக்கிச் சேமித்து வைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. சர்வர் மாற்றிய அன்று யார் அதை டிக் செய்தார்களோ, நானாகத்தான் இருக்க வேண்டும். ஹோம் கோப்புறைக்குள் லாக்ஸ் என்று ஒரு கோப்புறை. 14 கோப்புகள், மாதத்துக்கு ஒன்று.

ஒன்றைப் பிரித்தேன். ஒரு வரி இப்படி இருந்தது: ஒரு ஐபி எண், சதுர அடைப்புக்குள் தேதியும் நேரமும், பிறகு பிரௌஸ் டாட் பிஎச்பி, கேள்விக்குறி, யூ, சமக்குறி, அதன்பின் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். பார்த்தால் ஏதோ பூட்டு போட்ட மாதிரி இருக்கும். அது பேஸ்64 என்ற வெறும் எழுத்து மாற்றம், அவ்வளவுதான். பள்ளிப் பையன்கூட ஒரு நொடியில் பிரித்துவிடுவான். பிரித்தேன். இலங்கைத் தமிழர் செய்தித் தளமான டமில்நெட்டின் ஒரு பக்கம். ஐபியைத் தேடினேன். இலங்கை. நேரம் இந்த ஏப்ரலில் ஒரு நாள், அவர்கள் ஊர்க் கணக்கில் இரவு ஒன்றேகால் மணி.

டமில்நெட்டை 2007 ஜூனிலிருந்து இலங்கையில் தடுத்து வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். அதைப் படிக்க என் தளத்துக்கு ஆள் வருகிறார்கள் என்பது தெரியாது. அந்தக் கோப்பில் அப்படிப்பட்ட வரிகள் இன்னும் நிறைய இருந்தன. அதே ஐபி அடுத்த நாளும் வந்திருந்தது, அதற்கடுத்த நாளும். மே மாதக் கோப்பை நான் பிரிக்கவில்லை. கை வரவில்லை.

14 அக்டோபர் 2009

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாங்குகிறவருக்குத் தளத்தைக் கொடுக்கச் சுலபமான வழி சிபேனலின் முழு பேக்கப் என்று நினைத்திருந்தேன். ஒரே கோப்பு, அவர் சர்வரில் ஏற்றினால் தளம் எழுந்துவிடும். அந்த முழு பேக்கப்பில் ஹோம் கோப்புறை அப்படியே போகும். உள்ளே அந்த 14 கோப்பும் போயிருக்கும். யாரும் கேட்காமலே கொடுத்திருப்பேன்.

தம்பி, இன்றே போய்ப் பாருங்கள். சிபேனலில் “ரா ஆக்ஸஸ் லாக்ஸ்”. இரண்டு கட்டங்கள் இருக்கும். மாதக் கடைசியில் சேமிப்பது ஒன்று, போன மாதத்தை நீக்குவது ஒன்று.

14 அக்டோபர் 2009, மதியம்

1,050க்கு முடியாது என்று எழுதிவிட்டேன். காரணத்தையும் எழுதினேன். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, உண்மையிலேயே விளம்பர ஆராய்ச்சிக்காகவும் கேட்டிருக்கலாம். ஆனால் அவரிடமிருந்து அது யாரிடம் போகும் என்று அவரும் சொல்ல முடியாது.

15 அக்டோபர் 2009

“லாக் சரி, அண்ணா, அழித்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு யாருக்கு விற்றால் என்ன?” என்று தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி, நேற்று முழுதும் எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரித் தளத்தில் பயனர் தட்டுவதெல்லாம் முதலில் நம் சர்வருக்குத்தான் வருகிறது. பூட்டுக் குறி போட்ட பக்கமானாலும் பூட்டு நம் சர்வரோடு முடிந்துவிடும், உள்ளே எல்லாம் திறந்த எழுத்து. ஸ்கிரிப்டில் நாலு வரி சேர்த்தால் பாஸ்வேர்டுகள் தனிக் கோப்பில் விழும், பயனருக்கு எதுவும் தெரியாது. இது கற்பனை இல்லை. 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற ஸ்வீடன்காரர் ஆளை மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர் வலையின் வெளிவாசல் கணினிகளை ஐந்து வைத்துக்கொண்டு வழியாகப் போனதைப் பார்த்தார். தூதரகங்கள், அரசு அலுவலகங்கள் என்று நூறு மின்னஞ்சல் கணக்குகளின் பாஸ்வேர்டை வெளியிட்டார். இந்தியத் தூதரகக் கணக்குகளும் அதில் இருந்தன. தூதரகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே தெரியவில்லை என்றால் பதினாலு வயதுப் பிள்ளைக்கு எங்கே தெரியப்போகிறது?

வாங்குகிறவர் புது ஆள் என்பது பயனருக்குத் தெரியாது. முகவரி அதேதான், நிறம் அதேதான். மூன்று வருடம் அவர்கள் நம்பியது என்னை. அந்த நம்பிக்கையும் டொமைனோடு சேர்ந்து கைமாறுகிறது. அதற்குத்தான் 1,050 தருகிறேன் என்றார்கள், ஸ்கிரிப்டுக்கு இல்லை. ஸ்கிரிப்டை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

16 அக்டோபர் 2009

இரண்டு நாளாக மூடிவிடலாமா என்று யோசித்தேன். 540 டாலர் நம் வீட்டுக்குச் சின்னக் காசு இல்லை, இருந்தாலும்.

மூடினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். அந்த இலங்கைக்காரர் நாளை வேறொரு பிராக்ஸியைத் தேடுவார். அதை நடத்துகிறவர் யாரென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டொமைனும் ஆகஸ்டில் காலாவதியாகி யாரோ எடுத்துக்கொள்வார்கள், பழைய புக்மார்க்குகள் அவர் கைக்குப் போகும். மூடினாலும் பொறுப்பு முடியவில்லை. தெரிந்த ஆளுக்குக் கொடுப்பது மேல் என்று பட்டது. சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

அதனால் மூன்று முடிவு. லாக் எல்லாவற்றையும் அழிப்பது, பேக்கப்புகளிலும். பட்டியலைத் தருவதில்லை, பட்டியலில் உள்ளவர்களுக்கு நானே கடைசி மின்னஞ்சல் ஒன்று அனுப்பி, தளம் கைமாறுகிறது, இனி இதன் வழியாக வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளைத் தட்ட வேண்டாம் என்று சொல்வது. இந்த இரண்டையும் ஏலப் பக்கத்தில் எழுதிவிடுவது.

எழுதியதும் ஏலத்தில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் விலகிவிட்டார்கள்.

19 அக்டோபர் 2009

முடிந்தது. 620 டாலர். ஜூலையைப் பார்த்து நம்பிக்கை வந்தது என்றவர்தான் வாங்கினார். கனடாவில் சொந்தமாக ஏழெட்டு பிராக்ஸி வைத்திருக்கிறார், அவற்றை நான்கு வருடமாக ஒரே பேரில் நடத்துகிறார், தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசினார். லாக் அழிக்கப்பட்டது என்று எழுதியதைத் தனக்கும் நல்லது என்றார். அவர் சொன்னது: “இல்லாத லாக்கை யாரும் என்னிடம் கேட்க முடியாது.”

எஸ்க்ரோ டாட் காம் வழியாகத்தான். அவர் பணத்தை அங்கே கட்டுவார். கட்டியது உறுதியானதும் நான் டொமைனையும் கோப்புகளையும் கொடுப்பேன். பரிசோதனை நாட்கள் முடிந்து அவர் சரி என்றதும் பணம் எனக்கு. தரகுக் கூலி பாதிப் பாதி.

முழு பேக்கப் அனுப்பவில்லை. பப்ளிக் எச்டிஎம்எல் கோப்புறையை மட்டும் தனியாகச் சுருக்கி, அனுப்புமுன் வேறொரு கணினியில் பிரித்து ஒவ்வொரு கோப்புறையாகப் பார்த்தேன். டெம்ப் கோப்புறையில், பயனர்கள் போன தளங்கள் அவர்களை அடையாளம் காண வைக்கும் குக்கி கோப்புகள் இருந்தன. அவற்றையும் நீக்கினேன். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

22 அக்டோபர் 2009

டொமைன் மாற்றுவதில் ஒரு முட்டுக்கட்டை. டொமைனை மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை (ஆத் கோட்) கொடுத்தால் வேலை முடிந்தது என்று உங்களுக்குத் தனி மடலில் சொல்லியிருந்தேன், அது எல்லா நேரமும் சரியில்லை. செப்டம்பர் 2ஆம் தேதிதான் நான் வேறு பதிவாளரிடம், அதாவது டொமைன் பதிந்து தரும் வேறு நிறுவனத்திடம், டொமைனை மாற்றியிருந்தேன். மாற்றிய 60 நாளுக்குள் இன்னொரு பதிவாளருக்குப் போக முடியாது. நவம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

வழி இருந்தது. அவர் என் பதிவாளரிடமே ஒரு கணக்கு திறந்தார், என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு உள்ளேயே தள்ளிவிட்டேன். பத்து நிமிடம். நீங்கள் டொமைன் வாங்கியே 60 நாள் ஆகவில்லை என்றாலும் இதே கதைதான்.

28 அக்டோபர் 2009

தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தம் நேற்று முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. நம்மைப் போல நடுவில் இருந்து கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கு 79ஆவது பிரிவு முக்கியம். அடுத்தவர் செய்ததற்கு நாம் பொறுப்பாளி ஆகாமல் இருக்க வேண்டுமென்றால் உரிய கவனத்தோடு நடந்திருக்க வேண்டும்.

லாக் அழிப்பதற்கு முன் வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, ஏதாவது புகார் நிலுவையில் இருக்கிறதா என்பது. இல்லை. இருந்திருந்தால் அந்தப் புகாருக்கு உரியதைத் தொடக்கூடாது, அது தடயத்தை அழித்த கணக்காகும் என்றார். நீங்களும் முதலில் இன்பாக்ஸைப் பாருங்கள், சர்வர்காரர்கள் அனுப்பிய பழைய புகார்களுக்கு எல்லாம் பதில் போய் முடிந்திருக்கிறதா என்று. அப்புறம்தான் அழிப்பது.

9 நவம்பர் 2009

பணம் வந்துவிட்டது. வயர் டிரான்ஸ்ஃபர். கட்டணங்கள் எல்லாம் போக 27,100 ரூபாய். வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்பதற்கு வங்கியில் சான்று கேட்டு வாங்கி வைத்தேன், வருமான வரிக்கு வேண்டும்.

கடைசி மின்னஞ்சலுக்கு 2,300 பேரில் 41 பேர் பதில் போட்டார்கள். பாதிக்கு மேல் “நன்றி” மட்டும். ஒரு பிள்ளை தன் பள்ளியில் இன்னும் திறக்கும் ஒரே தளம் இதுதான், தயவுசெய்து விற்க வேண்டாம் என்று கெஞ்சியிருந்தது. ஒரு பதில் தமிழில் வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, இரண்டே சொல்: “விளங்கியது. நன்றி.” இலங்கைத் தமிழா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த “விளங்கியது” எனக்குப் போதுமானதாக இருந்தது.

6 பிப்ரவரி 2010

தம்பி நவம்பர் கடைசியில் 340 டாலருக்கு விற்றுவிட்டார். டிசம்பர் சரிவுக்கு முன்னால். அவரிடமும் 9 மாத லாக் இருந்ததாம், பார்த்து அழித்திருக்கிறார். பிராஜெக்ட் நன்றாகப் போகிறது என்கிறார். சந்தோஷம்.

ஜிமெயில் போன மாதத்திலிருந்து எப்போதும் பூட்டுக் குறியோடுதான் திறக்கிறது. எல்லாத் தளங்களும் இப்படி மாறினால் வழியில் நின்று ஒட்டுக்கேட்பது கஷ்டமாகும். நம் மாதிரி வலைப்பக்கப் பிராக்ஸிக்கு மட்டும் இது பொருந்தாது. பூட்டைத் திறப்பதே நாம்தான்.

8 நவம்பர் 2011

இரண்டு வருடம் கழித்து இங்கே வருகிறேன். கனடாக்காரர் சின்னத் தளங்களை எல்லாம் மூடிவிட்டார், பள்ளிப் பிள்ளைகள் கையில் போன் வந்துவிட்டது, வருமானம் சர்வர் செலவுக்கே காணவில்லை என்று எழுதியிருந்தார். என் பழைய டொமைனை ஆகஸ்டில் புதுப்பிக்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன், அவருக்கு அது தோன்றவில்லை.

காலாவதியான பிறகு சலுகை நாட்கள், அதன்பின் மீட்கும் காலம் 30 நாள், நீக்கத்துக்குக் காத்திருப்பு 5 நாள். தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து நாள்தோறும் பார்த்தேன். இன்று காலை விடுபட்டது. யாரும் பிடிப்பதற்குள் சாதாரண விலைக்குப் பதிந்துவிட்டேன்.

ஒரே ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். இங்கே முன்பு ஒரு பிராக்ஸி இருந்தது, இப்போது இல்லை, இந்த முகவரியில் பிராக்ஸி என்று எது வந்தாலும் நம்ப வேண்டாம், இன்ன மின்னஞ்சலில் கேட்கலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும். கவுண்ட்டர் எதுவும் இல்லை. லாக்கை இந்த முறை நிறுவிய அன்றே அணைத்தேன், ஒரு வாரம் கழித்தும் ஒருமுறை போய்ப் பார்க்கப் போகிறேன்.

27 மே 2012

‘3’ படத்தின் திருட்டுப் பிரதிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி இணைய நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பைரேட் பே எல்லாவற்றையும் மொத்தமாகத் தடுத்திருக்கின்றன. 2006 ஜூலை மாதிரியே, பக்கத்தைப் பூட்டச் சொன்னால் தெருவையே பூட்டுகிறார்கள்.

அந்த ஒற்றைப் பக்கத்திலிருந்து இந்த வாரம் மூன்று மடல். ஒன்று சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மாணவியிடமிருந்து. அவருடைய குறும்படம் விமியோவில்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு போட்டிக்குச் சுட்டி அனுப்ப வேண்டும், தனக்கே பக்கம் திறக்கவில்லை. அவருடைய சீனியர் ஒருவர் இந்த முகவரியைச் சொல்லியிருக்கிறார். “அண்ணா, பின்வாசல் மறுபடி எப்போது திறக்கும்?”

டோர் எப்படி இறக்குவது, எப்படி ஓட்டுவது என்று படிப்படியாக எழுதி அனுப்பினேன். அதில் போகும்போது பாஸ்வேர்டு தட்டுமுன் பூட்டுக் குறியைப் பார்க்கச் சொன்னேன். சுட்டி அனுப்பிவிட்டதாக நேற்று பதில் வந்தது. நடுவர்கள் வெளிநாட்டில் இருப்பதால் அவர்களுக்குத் திறக்குமாம்.

நவம்பரில் டொமைனைப் புதுப்பிக்க வேண்டும். இந்த முறை ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.